நூலைப் பிடியுங்கள்... டென்ஷனை விடுங்கள்!

ராத்திரி மணி ஒன்பதரை. பாத்திரம் கழுவியாச்சு. இட்லிக்கு மாவு கரைத்து வைத்தாச்சு. பிள்ளைகளின் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணியாச்சு. 'அப்பாடா' என்று உட்கார்ந்தால்... உடம்பு உட்காருகிறதே தவிர, மனசு உட்கார மாட்டேன் என்கிறது! கரண்ட் பில், மாமியாரின் பிரஷர் மாத்திரை, பையனின் கணக்குப் பரீட்சை என்று ஒரே ஓட்டம். கை தானாகவே செல்போனை எடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதைக் கீழே வைக்கும்போது கண் எரிச்சல்தான் மிச்சம்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா?

அப்படியானால், அம்மாவோ அத்தையோ பரணில் போட்டு வைத்திருக்கும் பழைய தகர டப்பாவைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். உள்ளே நுனி வளைந்த ஓர் ஊசி கிடைக்கலாம். அதுதான் குரோஷா ஊசி! ஒரு காலத்தில் டி.வி.க்கு மேல் ஒரு விரிப்பு, ஃபிரிட்ஜுக்கு மேல் ஒரு விரிப்பு, பால் சொம்பை மூட ஓரத்தில் மணி கோத்த வலை, வாசற்படிக்குத் தோரணம் என்று வீடு முழுக்கக் குரோஷாதான். டி.வி. சுவரில் ஏறியதும் விரிப்பு பரணுக்குப் போய்விட்டது. ஆனால், அந்த ஊசியிடம் நமக்கு இன்றைக்கும் தேவைப்படுகிற ஒரு சங்கதி இருக்கிறது. அது ஓய்வு!

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஃபிளாட் மாமி. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டதை முப்பது வருஷம் மறந்தே போயிருந்தவர். அவருடைய கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மறுபடியும் ஊசியைப் பிடித்தாராம்.

"பிரார்த்தனை பண்ணக்கூட மனசு நிக்கலைடி. இதைக் கையில எடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிண்டே இருந்தேன். மூச்சு சீராயிடுத்து" என்பார்.

மாமா இப்போது நலமாக இருக்கிறார். அந்தப் பதினோரு நாளில் போட்ட வெள்ளை விரிப்பு இன்றைக்கும் அவர்கள் வீட்டு டீப்பாயின் மேல் இருக்கிறது. மாமியின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மனசு எப்படி அடங்குகிறது?

கோலம் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? புள்ளி வைத்து, எண்ணி, கம்பியை இழுத்து வளைக்கும் அந்தப் பத்து நிமிஷம் வேறு எந்த நினைப்பும் ஓடாது. குரோஷாவும் அதே மாதிரிதான். கைக்கு ஒரே மாதிரியான அசைவு. கண்ணுக்கு ஒரு சின்ன இடம். மனசுக்கு ஓர் எண்ணிக்கை. மூன்றும் ஒன்றாக வேலை செய்யும்போது கவலைப்பட இடம் குறைந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், 1975-ல் வெளியான தன் புத்தகத்தில் இதற்கு அடிப்படையான ஒரு விஷயத்தை விளக்கினார். ஒரு சொல்லையோ, ஒலியையோ, அசைவையோ திரும்பத் திரும்பச் செய்து, நடுவில் வேறு நினைப்பு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் மெதுவாக மறுபடியும் அதற்கே திரும்பி வந்தால், மூச்சும் இதயத் துடிப்பும் நிதானமாகின்றன என்பதுதான் அது. படபடப்புக்கு நேர் எதிரான நிலை!

ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பல நாடுகளில் குரோஷா போடுகிற 8,391 பேரிடம் கருத்துக் கேட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். குரோஷா போட்டால் மனம் அமைதியாகிறது என்றவர்கள் 89.5 சதவீதம். சந்தோஷமாக இருக்கிறது என்றவர்கள் 82 சதவீதம். நாமும் பிரயோஜனமாக இருக்கிறோம் என்ற எண்ணம் வருகிறது என்றவர்கள் 74.7 சதவீதம். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே குரோஷாவை விரும்பிப் போடுகிறவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'போட்டதும் நோய் தீரும்' என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனசு லேசாக ஒரு நல்ல வழி, அவ்வளவுதான்.

குரோஷாவுக்கே உரிய இன்னொரு சௌகரியம் உண்டு. தையலில் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் துணி போச்சு. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் ரகளைதான். குரோஷாவில் தப்பு வந்தால்? ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுங்கள். தப்பு நடந்த இடம் வரை சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஓர் இழைகூட வீணாகாது. 'தப்பாகிவிட்டால்?' என்ற பயமே தேவையில்லாத வேலை இது. நாள் முழுக்க எல்லாவற்றையும் சரியாகச் செய்தாக வேண்டிய ஒருவருக்கு இதைவிட வேறென்ன ஓய்வு வேண்டும்?

என்னென்ன வாங்க வேண்டும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஊசி: முதலில் ஒன்றே ஒன்று போதும். 4 மில்லி மீட்டர் அளவுள்ள அலுமினிய ஊசி வாங்குங்கள். பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை போட்டதும் கிடைக்கிறது. கை வலிக்காமல் இருக்கும். சன்னமான லேஸ் போடும் ஸ்டீல் ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். ஆரம்பத்திலேயே அதைத் தொட்டு மிரண்டு போகாதீர்கள்!

நூல்: மெலிந்த நூல் வேண்டாம். நடுத்தரப் பருமனுள்ள காட்டன் அல்லது உல்லன் நூலை, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். மஞ்சள், ஆகாய நீலம், இளம்பச்சை நல்லது. கறுப்பு, கருநீலத்தில் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெரிய விரிப்பு போடப் போகிறீர்கள் என்றால், லேபிளில் உள்ள சாய எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மொத்தமாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் அதே நிறத்தில் லேசான வித்தியாசம் காட்டும்.

மற்றவை: சின்னக் கத்தரிக்கோல், நுனி மழுங்கிய பெரிய கண் ஊசி, அடையாளம் வைக்க நாலு ஊக்கு. எல்லாம் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டப்பா. ஆச்சு!

பேனா மாதிரி பிடிப்பதா, கத்தி மாதிரி பிடிப்பதா என்று கேட்பார்கள். எது கைக்கு இதமோ அதுவே சரி. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையிலேயே ஊசியைப் பிடியுங்கள். கற்றுக்கொடுப்பவரின் எதிரில் உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்யலாம்.

நாலே நாலு அடிப்படை

'குரோஷே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்றுதான் அர்த்தம். கொக்கியால் நூலை இழுத்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியைக் கொண்டு வருவதுதான் மொத்த வித்தையும்.

1. சங்கிலி: நூல் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். ஊசியின் மேல் நூலை ஒரு சுற்று சுற்றி, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக இழுங்கள். இது ஒரு சங்கிலி. இப்படியே தொடருங்கள். முதல் நாள் இது மட்டும் போதும். ஒரு முழம் நீளத்துக்குப் போட்டு, பிரித்து, மறுபடியும் போடுங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் வர ஆரம்பித்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

2. ஸ்லிப்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலைச் சுற்றி, கண்ணி வழியாகவும் ஊசியில் உள்ள கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது. இரண்டு முனைகளைச் சேர்க்க இது உதவும்.

3. சிங்கிள்: கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடியும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள்.

4. டபுள்: ஊசியில் முதலிலேயே நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விட்டு இழுங்கள். ஊசியில் மூன்று கண்ணி. நூலைச் சுற்றி முதல் இரண்டின் வழியாக இழுங்கள். மறுபடியும் சுற்றி மீதி இரண்டின் வழியாக இழுங்கள்.

ஒரு ஜாக்கிரதை! அமெரிக்காவில் 'சிங்கிள்' என்பதை இங்கிலாந்தில் 'டபுள்' என்பார்கள். அமெரிக்க 'டபுள்' அங்கே 'ட்ரெபிள்'. நம் அம்மாக்கள் வைத்திருந்த பழைய புத்தகங்கள் பலவற்றில் இங்கிலாந்துப் பெயர்கள்தான். இன்றைய வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இந்தக் கட்டுரையில் அமெரிக்கப் பெயர்களையே சொல்லியிருக்கிறேன்.

போட்டுப் பார்க்க மூன்று அயிட்டங்கள்

மேடை துடைக்கும் துணி: காட்டன் நூலில் 31 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். வரிசை முடிந்தால் 30 சிங்கிள் இருக்க வேண்டும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். மறுபடியும் 30. இப்படியே சதுரம் ஆகும் வரை போட்டால் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் துணி ரெடி! புதிதாகப் போடுகிறவர்களுக்குத் துணி போகப் போக முக்கோணமாகக் குறுகும். காரணம், வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவதுதான். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிவிடுங்கள். அடி ஓரம் இறுகி வளைகிறதா? தொடக்கச் சங்கிலியை இன்னும் தளர்வாகப் போடுங்கள்.

டம்ளர் வைக்கும் வட்டம்: இரண்டு சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலியிலேயே 6 சிங்கிள் போடுங்கள். இது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு. மொத்தம் 12. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 18. நாலாவதில் இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு. மொத்தம் 24. சுற்றுக்கு 6 கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு. எட்டாவது சுற்றில் 48 வரும்போது டம்ளருக்கு ஏற்ற அளவு வந்துவிடும். சுற்று தொடங்கும் இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாது. வட்டம் கிண்ணம் மாதிரிக் குவிந்தால் கண்ணி போதவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் அலை அலையாக வந்தால் கண்ணி அதிகம். பிரித்துச் சரி செய்யுங்கள்.

கிரானி சதுரம்: மிச்சம் மீதி நூலையெல்லாம் தீர்க்க இதுதான் சரியான வழி. 4 சங்கிலி போட்டு, ஸ்லிப்பால் சேர்த்து வளையமாக்குங்கள். 3 சங்கிலி போடுங்கள். அது ஒரு டபுளுக்குச் சமம். வளையத்துக்குள் இன்னும் 2 டபுள், பிறகு 2 சங்கிலி. அடுத்து '3 டபுள், 2 சங்கிலி' என்பதை மூன்று முறை போட்டு, தொடக்கத்தில் போட்ட 3 சங்கிலியின் உச்சியில் ஸ்லிப்பால் சேர்த்துவிடுங்கள். நாலு மூலையும் வந்துவிட்டது!

அடுத்த சுற்றுக்கு, மூலை இடைவெளி வரை ஸ்லிப் போட்டு நகர்ந்து, அங்கே 3 சங்கிலியில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் '3 டபுள், 2 சங்கிலி, 3 டபுள்'. மூலைக்கும் மூலைக்கும் நடுவே ஒரு சங்கிலி. மூன்றாவது சுற்றிலிருந்து, பக்கவாட்டு இடைவெளி ஒவ்வொன்றிலும் 3 டபுள் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு ஒரு நிறம் மாற்றினால் பார்க்க அழகாக இருக்கும். நாலைந்து சுற்றில் நிறுத்தி, சதுரங்களை ஒன்றோடொன்று தைத்துச் சேர்த்தால் குஷன் உறை, சோபா விரிப்பு, போர்வை எதுவும் செய்யலாம்.

'இவ்வளவு சின்னச் சதுரத்தைச் சேர்த்து எப்போது போர்வை ஆவது?' என்று மலைக்க வேண்டாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் போட்டு அனுப்பிய துண்டுகளைச் சேர்த்து விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர்! உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று அது கின்னஸ் சாதனை படைத்தது.

முடித்த பிறகு...

கடைசியில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கண்ணி வழியாக இழுத்து இறுக்கி, மழுங்கல் ஊசியால் பின்பக்கம் மூன்று நாலு இடத்தில் நுழைத்து மறைத்துவிடுங்கள். ஒட்ட வெட்டினால் முதல் தடவை துவைக்கும்போதே அவிழ்ந்துவிடும். துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்பிக் காய வையுங்கள். விரிப்பு மொடமொடவென்று நிற்க வேண்டுமா? வடிகட்டிய சோற்றுக் கஞ்சியில் முக்கி, ஓரங்களைக் குண்டூசியால் இழுத்துப் பிடித்துக் காய விடுங்கள். ஆனால், கஞ்சியோடு பீரோவில் வைத்தால் பூச்சி வரும். அலசிவிட்டு வையுங்கள்.

கையும் கண்ணும் பத்திரம்!

ஓய்வுக்காக எடுத்த ஊசி வலியில் முடியக் கூடாது அல்லவா? இதைக் கவனியுங்கள்.

* 20 நிமிஷத்துக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வையுங்கள். கையை இறுக மூடி, விரல்களை நன்றாக விரித்து, ஐந்து முறை செய்யுங்கள். தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள்.

* அதே நேரத்தில் 20 அடி தள்ளி உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கும் ஓய்வு.

* மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கட்டும். மடியில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கையைத் தாங்கிக்கொண்டால் கழுத்தும் குனியாது.

* வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். இடது கைக்காரர்களுக்கு வலது தோள். நாற்பதைத் தாண்டியவர்கள் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி தேவையா என்று சோதித்துக்கொள்வது நல்லது.  தலைவலிக்குக் கண்ணாடி போடாததும் காரணமாக இருக்கலாம்.

* கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரலில் மரமரப்பு, ராத்திரியில் அது கூடுவது, கட்டை விரலின் அடியில் மணிக்கட்டுப் பக்கம் சுரீரென்று வலி, இவற்றில் எது வந்தாலும் ஊசியை மூட்டை கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிற தொல்லை வர வாய்ப்பு கூடுதல்.

* குழந்தைகள் உள்ள வீட்டில் ஊசி, கத்தரி, நூல் எதையும் கட்டிலில் விட்டு எழுந்திருக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பொம்மை போட்டால் பட்டன் கண் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

மாமியின் கதையில் மறுபாதி

நாலு மாதம் மாமியின் கையில் ஊசியைக் காணோம். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதை ஏன்டி கேக்கறே! நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டுன்னு அறுபது விரிப்பு கேட்டா. 'நீங்க சும்மாத்தானே உக்காந்துண்டு போடறேள், மன்னி'ன்னா. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போட்டேன். கட்டை விரல் வீங்கிப்போச்சு. இப்போ ஊசியைப் பார்த்தாலே பயமா இருக்கு!"

'சும்மாத்தானே உக்காந்துண்டு...' இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் என்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக அங்கே குரோஷா லேஸ் வந்தது. அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு பெண்கள் போட்ட லேஸ், கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியல் அறிஞர் மரியா மீஸ், அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு வேலைகளுக்கு நடுவே மணிக்கணக்காகப் போட்டாலும், 'வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் போடுவதுதானே' என்று சொல்லியே அவர்களுக்கு அற்பக் கூலி தரப்பட்டது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பல ஆண்டுகள் கழித்து, 2024-ல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஸ்வெட்டர் பின்ன எந்திரம் உண்டு. ஆனால், அசல் குரோஷாவைத் தொழிற்சாலை அளவில் போட இன்றுவரை எந்திரம் இல்லை. நீங்கள் கடையில் பார்க்கும் ஒவ்வொரு குரோஷா விரிப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் விரல்கள் இருக்கின்றன. அதே ஊசி, அதே கண்ணி. எண்ணிக்கையும் அவசரமும் சேர்ந்தால் அது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வேண்டும். எண்ணிக்கையும் அவசரமும் இல்லாவிட்டால்தான் அது ஓய்வு.

அதனால் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, உங்கள் அரை மணி நேரத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். 'அம்மா இப்போ குரோஷா போடறாங்க' என்றால், பால் பொங்கினால்கூட வேறு யாராவது அடுப்பை அணைக்கட்டும்! இரண்டு, யாராவது டஜன் கணக்கில் கேட்டால் சிரித்துக்கொண்டே, 'கத்துக்கொடுக்கறேன், வாங்க' என்று சொல்லுங்கள். தொழிலாகச் செய்ய ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், நூல் விலையோடு உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள். மூன்று, கண்காட்சியில் கையால் போட்ட குரோஷா வாங்கும்போது, 'வெறும் நூல்தானே' என்று பேரம் பேசாதீர்கள்.

சந்தேகமா? இதோ பதில்!

'எனக்குப் பொறுமையே கிடையாது. வருமா?'
பொறுமை இருப்பவர்கள் மட்டும் போடுவது இல்லை. போடப் போடத்தான் பொறுமை வருகிறது. முதலில் சின்னதாக, ஒரே நாளில் முடிகிற மாதிரி எடுங்கள். டம்ளர் வட்டம் அதற்குத்தான்.

'எந்த வயதில் கற்றுக்கொடுக்கலாம்?'
எட்டு வயதுக்கு மேல் விரல்கள் நன்றாக வளைந்து கொடுக்கும். பெரிய ஊசி, தடித்த நூல் கொடுங்கள். பெண் குழந்தைக்கு மட்டும்தான் என்று ஒதுக்காதீர்கள். பையனும் கற்றுக்கொள்ளட்டும். ரிட்டயரான அப்பாவும்தான்!

'உல்லன் நூலில் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்பு போடலாமா?'
கூடாது. கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். சூடு பட்டால் உருகும். அடுப்பு, குக்கர் பக்கம் போகும் எதற்கும் காட்டன் நூல்தான். அதையும் இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

'மனசு சரியில்லை. குரோஷா போட்டால் சரியாகிவிடுமா?'
அன்றாட டென்ஷனுக்கு நல்லது. ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, அழுகையாக வருகிறது என்றால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். தயங்காதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசலாம். சிகிச்சையோடு கூடக் குரோஷாவும் போடலாம். சிகிச்சைக்குப் பதிலாக அல்ல!

மாமி இப்போது மறுபடியும் ஊசியைப் பிடித்துவிட்டார். கை வலி குறைந்தபின், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, தினமும் சாயங்காலம் இருபது நிமிஷம். என்ன போடுகிறார் என்று போய்ப் பார்த்தேன். ஒரு சதுரம். யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கும் இல்லைடி. எனக்குத்தான்" என்றார்.

நீங்களும் இன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, இருபதே இருபது சங்கிலி போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையா? இழுத்தால் பிரிந்துவிடும். நூல் அப்படியே இருக்கும்!